தியாகதுருகம் பேச்சு, ஐந்தாம் பக்கம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கள்ளக்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினாறு வருஷம் தலைவர் இளஞ்செழியனுக்கு உதவியாளராக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? மனு கொடுக்க வருகிறவர்களை வரிசையில் நிற்க வைப்பது, மனுக்களைக் கட்டி வைப்பது, ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து பேச்சு எழுதத் தாள் நீட்டுவது, எல்லாம் இந்தக் கண்ணாயிரம்தான்.

தலைவருக்கு ஒரு பழக்கம். பேச்சை வீட்டில் உட்கார்ந்து எழுதமாட்டார். மேடைக்குப் போகிற வழியில், ஜீப் குலுங்கக் குலுங்கத்தான் எழுதுவார். வெள்ளைத்தாள் கொடுத்தால் திட்டுவார். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய மனு என்று எது கிடைத்தாலும் அதன் முதுகில் எழுதுவார். எவ்வளவு சிக்கனம் பார் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம்.

அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இது தொண்ணூறாம் வருஷம். மண்டல், மண்டல் என்று டீக்கடையில்கூட இட ஒதுக்கீட்டுப் பேச்சுதான். இந்த நேரம் பார்த்து, சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து அன்புச்செல்வன் என்பவர் கடிதம் போட்டார். தலைவரின் பேச்சுகளையும் காகிதங்களையும் கொடுத்தால் காலத்துக்கும் பாதுகாப்பார்களாம். முக்கியமாக, எண்பத்தேழில் சாலை மறியலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் தியாகதுருகத்தில் பேசியது, அவர் கையெழுத்திலேயே, ஒரு பக்கம் குறையாமல் வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் தூசியைத் தின்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன். தியாகதுருகம் பேச்சு ஏழு பக்கம். ஏழும் இருந்தது. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை ஆயம்மாள் வந்து நின்றாள். கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். அவள் மகள் செவ்வந்திக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. பழங்குடிச் சான்று கொடுத்தால்தான் சேர முடியும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதைக் கொடுக்கிற ஆபீசில் பெண்ணின் அப்பாவுடைய பழைய சான்றைக் கேட்கிறார்கள், அதுவும் அசலை. அப்பா, அதாவது ஆயம்மாளின் புருஷன் மாதன், இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சான்றை அவர் எண்பத்தேழில் தலைவரிடம் கொடுத்திருக்கிறார். மகளுக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லி மனு எழுதி, அதோடு அசலையே குண்டூசியால் குத்திக் கொடுத்துவிட்டார். மலையில் ஜெராக்ஸுக்கு எங்கே போவது?

"அசலை எவனாவது குடுப்பானா? அறிவு வேணாம்?" என்று கத்தினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "தலைவரு கையில இருந்தா நம்ம பொட்டியில இருக்கற மாரின்னு வூட்டுக்காரரு சொன்னாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே மனு மூட்டைகளை அவிழ்த்தேன். மத்தியானம் மாதனின் மனு அகப்பட்டது. மூலையில் குண்டூசியின் துருக்கறை இருந்தது. சான்று இல்லை. மனுவின் தேதியைப் பார்த்தேன். தியாகதுருகம் கூட்டம் நடந்த அதே நாள்.

பேச்சுக் கோப்பை எடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். ஐந்தாம் பக்கத்தின் முதுகில் மாதன் பெயர், இனம், தாசில்தார் கையெழுத்து, வட்டமாக ஊதா முத்திரை. இரண்டு மாதம் அடுக்கியவன், ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஜீப்பில் தாள் தீர்ந்துபோனது ஞாபகம் வந்தது. தலைவர் பின்னால் கையை நீட்டினார். காலையில் வாங்கிய மனுக்கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தவன் நான். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆயம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு நிமிஷம் அப்படி நினைத்தேன். பொய் எதற்கு, நல்ல அஞ்சு நிமிஷம் நினைத்தேன். பதினாறு வருஷம் நாயாய் உழைத்ததற்கு எனக்கு மிஞ்சியது அந்த ஏழு பக்கம்தான். பிறகு அந்தப் பக்கத்தைப் படித்தேன். கைதட்டல் நிற்காமல் போய் தலைவர் இரண்டு தடவை சொன்ன வரி அதில்தான் இருந்தது: "அடுத்தவன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறவனை நம்பாதீர்கள்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அசலை அவள் கையில் கொடுத்தேன். அவள் முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பினாள்.

"பின்னாடி இன்னா எழுதிக்கீதுங்க?"

படித்துக் காட்டினேன். கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"நல்லாதான் பேசிக்கிறாரு. மனு குடுத்துட்டு எங்க வூட்டுக்காரரும் அன்னிக்கு அந்தக் கூட்டத்துல குந்திக்கினு கை தட்டிட்டுதான் வந்தாராம்" என்றாள். "பொண்ணுக்கு வந்துடும், தலைவரு சொல்லிட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னாருங்க."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அன்புச்செல்வன் வந்தார். ஆறு பக்கத்தையும் ஒரு ஜெராக்ஸையும் பார்த்து முகம் சுண்டிப்போனார். அசல் எங்கே என்று கேட்டார். சொந்தக்காரரிடம் இருக்கிறது என்றேன். பட்டியலில் அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன்: ஐந்தாம் பக்கம், செவ்வந்தி, தகப்பனார் மாதன், கல்வராயன் மலை. மற்ற பேச்சுகளை வண்டியில் ஏற்றட்டுமா என்று கேட்டார். இப்போது முடியாது, இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார். போகட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செவ்வந்தியே வந்து, சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் பேச்சுகளை எல்லாம் தரையில் குப்புறப் போட்டேன். பதினாறு வருஷத்துப் பேச்சு, அறை நிறைய இருந்தது. நாற்பத்திரண்டு தாளின் முதுகில் மனுக்கள். முதலில் கையில் அகப்பட்ட மனு வடக்கனந்தல் பாப்பாத்தியுடையது, விதவை பென்ஷன் கேட்டது, எண்பத்தஞ்சாம் வருஷம். தாளை உருவிக் கொடுத்தது நான்தானே. அவள் இருக்கிறாளா என்று பார்க்க, நாளைக் காலையில் வடக்கனந்தல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.