பத்து நாளைக்கு மட்டும்

எங்கள் முதியோர் இல்லத்தில் மாத்திரை வண்டியைத் தள்ளுவது நான்தான். பதினாறு வருஷமாகத் தள்ளுகிறேன். முப்பத்தெட்டு பேருக்கும் மூன்று வேளையும் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். தலைமை நர்ஸ் ஆன பிறகும் வண்டியை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. அவ்வளவு கர்வம் எனக்கு இருந்தது.

போன வருஷம் ஒரு பார்மசிஸ்ட் பெண் வந்து சேர்ந்தாள். வயதானவர்கள் சாப்பிடுகிற மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாததை டாக்டரிடம் சொல்லிக் குறைப்பது அவள் வேலை. எதை எடுத்தாலும் "இது ஏன்?" என்பாள். இரண்டாம் நாளே அவளுக்கு 'ஏன் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டோம். நேற்று வந்த பெண் என் வண்டியில் கை வைப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் முதலில் கேட்டது ஆறாம் நம்பர் அறையில் இருந்த டிரைவர் ஐயாவின் மருந்துத் தாளை. அவரை அந்த மாதக் கடைசியில் மாடிக்கு மாற்றுவதாக இருந்தோம். மாடி என்றால் பூட்டு போட்ட மாடி, நினைவு தப்பியவர்களுக்கான இடம். அங்கே போன யாரும் திரும்பக் கீழே வந்து வாழ்ந்ததை நான் பார்த்ததில்லை. அவர் மகன் வந்து கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

முப்பது வருஷம் ராத்திரி பஸ் ஓட்டிய மனிதர். இப்போது எடுப்பார் கைப்பிள்ளை. உட்கார வைத்தால் உட்கார்ந்திருப்பார், அப்படியே வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். கை நடுங்கி, ஸ்பூனில் இருப்பது சட்டையில் கொட்டும். மகன் வந்து நின்றால் "யாரு தம்பி?" என்பார். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மாத்திரை, போதாததற்கு ஒரு மருந்துத் தண்ணீர்.

"சிஸ்டர், இந்த மருந்துத் தண்ணி ஏன்?" என்று ஆரம்பித்தாள்.

"மலச்சிக்கலுக்கு. தலைவலிக்கா குடுப்பாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "மலச்சிக்கல் ஏன் வந்துச்சு?"

அவளே தாளில் விரலை வைத்துக் கீழிருந்து மேலே போனாள். மலச்சிக்கல், கை நடுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரையால் வரும். அதே மாத்திரை வயதானவர்களுக்குப் புத்தியையும் குழப்பும். நடுக்கம், தலைசுற்றலுக்குக் கொடுக்கிற மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டால் வரும். தலைசுற்றல் மாத்திரை எப்போது வந்தது? அவர் குளியலறையில் விழுந்த பிறகு. ஏன் விழுந்தார்? ராத்திரி கொடுக்கிற தூக்க மாத்திரையின் மயக்கம் காலையிலும் தெளியாமல். விரல் அங்கே வந்து நின்றது.

"தூக்க மாத்திரை ஏன் சிஸ்டர்?"

"ரொம்ப நாளா இருக்கு" என்றேன். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

பழைய தாள்களைத் தேடி ஸ்டோர் அறைக்குப் போனோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். இருபத்தாறு மாதத்துக்கு முந்தைய தாள், இருபத்தேழாம் தேதி. 'இரவு ஒன்று.' பக்கத்தில் ஓரமாக, 'பத்து நாளைக்கு மட்டும்.' என் கையெழுத்து.

எல்லாம் ஞாபகம் வந்தது. அப்போது அவரும் அவர் மனைவியும் அந்த அறையில் ஒன்றாக இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இவர் ராத்திரி முழுக்க வராந்தாவில் நடந்தார். ராத்திரி வண்டி ஓட்டிய உடம்பு, போதாததற்குக் கவலை வேறு. மற்றவர்கள் தூக்கம் கெடுகிறதே என்று டாக்டருக்கு போன் செய்து மாத்திரை கேட்டது நான். பத்து நாள், அம்மா திரும்பி வரும் வரை.

பத்து நாள் அடுத்த மாதம் ஆறாம் தேதி முடியும். ஆனால் எங்கள் வழக்கம், மாதக் கடைசியில் உட்கார்ந்து பழைய தாளைப் பார்த்துப் புதிய தாள் எழுதுவது. தாளில் மருந்துக்குக் கட்டம் உண்டு, அளவுக்கு உண்டு, வேளைக்கு உண்டு. எத்தனை நாள் என்பதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் இருந்ததை விட்டுவிட்டுக் கட்டத்தில் இருந்ததை மட்டும் அழகாகக் காப்பி எடுத்திருக்கிறேன். அதற்கடுத்த மாதம் அந்தக் காப்பிக்குக் காப்பி. டாக்டர் கட்டோடு வாங்கிக் கையெழுத்துப் போடுவார். ஒரு மாத்திரையும் மாறவில்லை என்று பெருமையடித்தேனே, அந்த மாறாததுதான் அவரைத் தின்றிருக்கிறது.

'ஏன் மேடம்' என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லவேளை, தாளைத் தூக்கிப் போடாம வச்சிருந்தீங்க" என்றாள்.

டாக்டரிடம் சொன்னேன். மகனுக்கும் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "மூணு மாசம் பாக்கலாம் சிஸ்டர். தெளியலன்னா மாடிக்கே மாத்திடலாம்" என்றார்.

ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி முழு மாத்திரை முக்காலாகி, அரையாகி, காலாகியது. ஒன்று முடிந்த பிறகே அடுத்ததில் கை வைத்தோம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ஆனவை இருந்த இடத்திலேயே இருந்தன. ஆறாவது வாரம் ஸ்பூன் ஒழுங்காக வாய்க்குப் போனது. எட்டாவது வாரம் நான் வண்டியோடு அறைக்குள் நுழைந்ததும் டிரைவர் ஐயா முகத்தைச் சுளித்தார்.

"வீல் கிரீச்னு கத்துதே, காது கேக்கலயா? ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க சிஸ்டர்."

இரண்டு வருஷத்தில் அவர் பேசிய முதல் முழுப் பேச்சு. ஸ்டோர் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம் இருந்தது. ஒரு நாள் காலை அவர் பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பில்லாத வெறும் மெத்தை.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து அவ இன்னும் வரலியா சிஸ்டர்?"

அந்த அம்மா அப்போதே பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தக் கட்டிலில் இருந்தாள். செத்துப் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு இவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனோம், அங்கேயும் தூங்கினார். கொடுத்து வைத்த மனுஷன், துக்கம் தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"உங்க பையன் வரட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தேன்.

மத்தியானம் மகன் வந்தார். "வாப்பா" என்றார் அப்பா, அடையாளம் தெரிந்து. மகன் அதைக் கேட்டதும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொன்னேன். ஒன்று விடாமல், மாத்திரை உட்பட.

டிரைவர் ஐயா வெறும் மெத்தையைப் பார்த்தபடி கேட்டார். முடித்ததும், "அவ போறப்ப நான் எங்க இருந்தேன்?" என்றார்.

"இங்கதான் ஐயா. உங்க கட்டில்ல."

"தூங்கினேனா?"

"ஆமா."

"முப்பது வருஷத்துல ஒரு நாள் ஸ்டியரிங்ல கண்ணசந்ததில்ல" என்றார். அதற்குப் பிறகு அழ ஆரம்பித்தார். சத்தம் போட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பதினாறு மாதத்து அழுகை.

மகனால் பார்க்க முடியவில்லை. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "டாக்டருக்கு போன் பண்ணுங்க சிஸ்டர். அந்த மாத்திரையையே திரும்பக் குடுக்கச் சொல்லுங்க. பத்து நாளைக்கு மட்டும்."

அப்பா தெளியவும் வேண்டும், அழவும் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனால் அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை. நானும் இதே வராந்தாவில் நின்றுதான் இதே மாத்திரையைக் கேட்டேன்.

"அப்பாவையே கேப்போம்" என்றேன்.

கேட்டோம். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். "வேணாம்ப்பா. தூங்கினது போதும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அந்த ஒரு வருஷமும் அவ சும்மா இருந்திருக்க மாட்டாளே சிஸ்டர். எங்கிட்ட பேசியிருப்பாளே?"

பேசினாள். தினமும் நாற்காலியை இவர் தலைமாட்டில் போட்டுக்கொண்டு, தூங்குகிறவரிடம் பேசிக்கொண்டே இருப்பாள். நான் வண்டியோடு வருவேன், மாத்திரையை எண்ணிக் கொடுப்பேன், போவேன். நின்று கேட்டதில்லை.

அதே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ஞாபகம் இருந்ததைச் சொன்னேன். "கல்யாணமான நாள்லேர்ந்து ராத்திரி வண்டி. இப்பத்தான் மனுஷன் பக்கத்துல இருந்து தூங்குறார், எழுப்பாதீங்க சிஸ்டர்" என்று அந்த அம்மா ஒரு நாள் சிரித்தபடி சொன்னதை. நகம் வெட்டிவிட்டபோது, "இந்தக் கையை நம்பி எத்தன பேர் ஊர் போய்ச் சேந்தாங்க" என்று அவர் விரலைத் தடவியதை. கடைசி வாரம், "கொஞ்சம் கண்ணத் திறந்துதான் பாருங்களேன்" என்று கேட்டதை.

அவர் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்புறம்?" என்றார்.

எனக்கு அவ்வளவுதான் தெரியும்.