பலகைக்கு இரண்டு வரி

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. ஆனால் கேட்டவர்கள் கதை கேட்கவில்லை. ஒரு பலகைக்கு இரண்டு வரி கேட்டார்கள்.

நகரத்து இலகு ரயிலின் பழைய வண்டிகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று பணிமனையின் பின்பக்கத் தண்டவாளத்துக்குப் போகிறது. அங்கிருந்து துண்டு துண்டாக லாரி ஏறுகிறது. உதிரிபாகம் கிடைப்பதில்லை, கதவு மூட மறுக்கிறது, மழை பெய்தால் மோட்டார் முனகுகிறது என்று காரணம் சொன்னார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள். ஒரே ஒரு வண்டியின் முகப்பை மட்டும் ஓட்டுநர் அறையோடு அறுத்தெடுத்து, பணிமனை வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் பார்வைக்கு வைக்கிறார்கள். என் கணவர் ஓட்டிய வண்டி அது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவர் இறந்துபோன வண்டியும் அதுதான்.

பக்கத்தில் ஒரு பலகை இருக்கும், குடும்பத்திலிருந்து யாராவது இரண்டு வரி எழுதித் தந்தால் பொருத்தமாக இருக்கும் என்று பணிமனை மேலாளர் தொலைபேசியில் சொன்னார். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்தோடு புழங்குகிறவளுக்கு இரண்டு வரி என்ன பெரிய காரியம் என்று நினைத்திருப்பார்.

அடுத்தவர் வரியில் பிழை பார்த்தே பழகியவளுக்குத் தன் வரி ஒன்றுகூடத் தேறுவதில்லை. ஏன் எழுத வரவில்லை என்று மேலாளருக்கு விளக்க உட்கார்ந்தேன். விளக்கம் நீண்டு, அவருக்கு அனுப்ப முடியாத ஒன்றாகிவிட்டது. அதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்.

"அன்று காலை வானம் மூட்டமாக…" [வானத்தை நான் பார்க்கவில்லை. அடித்துவிட்டேன்.]

"வண்டியை நிறுத்தியது யார் என்ற கேள்விக்கு…" [துப்பறியும் கதைபோல் இருக்கிறது. ஆனால் கேள்வி இதுதான். பின்னால் தேவைப்படும், அடிக்காமல் வைக்கிறேன்.]

"அவருடைய இடது தோள் வலது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்."

இது நிற்கிறது. கல்யாணப் படத்தில் இரண்டு தோளும் சமமாகத்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு எடுத்த படங்களில் இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது. பழைய வண்டிகளில் ஓட்டுநரின் இடது கைக்கு ஒரு பிடி உண்டு. அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் வண்டி ஓடும். கையை எடுத்தால் ஸ்பிரிங்கின் வேகத்தில் பிடி மேலே எழும்பும், வண்டி தானாக நின்றுவிடும். ஓட்டுநர் மயங்கினாலும் செத்தாலும் பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் கடுமை. வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் எல்லா ஓட்டுநர்களுக்கும் தோளில் வலி வந்துவிடும். அதற்குப் "பிடி வலி" என்று பெயரே வைத்திருந்தார்கள்.

வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதும் அவர் நாற்காலியின் கையை அமுக்கிக்கொண்டே இருப்பார்.

"விட்டா வீடு நின்னுடுமா?" என்று கேட்பேன்.

"யாருக்குத் தெரியும்," என்பார்.*

* நிற்கவில்லை. இது அடிக்குறிப்பில் இருப்பதே சரி.

3

இந்தப் பகுதியில் நான் இல்லை. இதில் வருவதெல்லாம் ஹாரன் சொன்னது. என் கணவரோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொரு ஓட்டுநர் அவர்; ஹாரன் என்பது பட்டப்பெயர். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் பேசினால் தெருமுனைக் கடைக்காரர் பதில் சொல்வார், அப்படி ஒரு தொண்டை.

இரண்டு நிலையங்களுக்கு நடுவே, ஒரு கிடங்கின் பின்சுவர் ஓரமாக, வண்டி நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் அடி இல்லை. பயணிகள் முதலில் கைப்பேசியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு திட்டத் தொடங்கினார்கள். பழைய வண்டி, இது எங்கே உருப்படப்போகிறது என்றார் ஒருவர். செத்தது வண்டிதான் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த வண்டியை ஓட்டியவர் ஹாரன். அவர் இறங்கித் தண்டவாளத்தில் நடந்து வந்து, தன்னிடமிருந்த சாவியால் ஓட்டுநர் அறையைத் திறந்தார். முதலில் உள்ளே போனவர் அவர். அவருக்குப் பிறகு மற்றவர்கள் வந்துசேரச் சிறிது நேரம் ஆகியிருக்கிறது.

[இந்தச் "சிறிது நேரம்" என்பதை நினைவில் வையுங்கள். நல்ல கதாசிரியர் இப்படிச் சுட்டிக்காட்ட மாட்டார். ஆனால் தவறவிட்டால் உங்களைக் குறை சொல்ல முடியாது.]

4

என் நாத்தனாருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. பலகை என்று கேள்விப்பட்ட அன்றே இரண்டு வரியும் தயாராக வைத்திருந்தார். உயிர் பிரியும் நொடியிலும் வண்டியை நிறுத்திப் பயணிகளைக் காத்தவர் என்று வரும். கடைசியில் "மாவீரன்" என்ற சொல்லும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன்.

கை தளர்ந்ததும் ஸ்பிரிங் எழுந்திருக்கும், அதனால்தான் வண்டி நின்றது, இவராக நிறுத்தினார் என்று எப்படிச் சொல்வது என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்ப பலகைல ஸ்பிரிங் பேரைப் போடு. ஸ்பிரிங்குக்கே ஒரு சிலையும் வச்சுடச் சொல்லு," என்றார். பிறகு, "என் தம்பி வண்டிய நிறுத்திட்டுத்தான் போனான். அவன் அரைகுறையா எதையும் விட்டுட்டுப் போறவன் இல்ல," என்றார்.

முதல் வரைவில் நாத்தனாரை வாயாடியாக எழுதியிருந்தேன். கதைகளில் நாத்தனார்கள் அப்படித்தான் வருகிறார்கள், கையும் தானாக அப்படியே போனது. திருத்துகிறேன். என் கணவரின் சீருடைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பணிமனையில் திருப்பிக் கொடுத்தது நாத்தனார்தான். அந்தத் துணிகள் கிடந்த அறைக்குள்ளேயே நான் போகவில்லை. இந்தக் கதைக்கு வில்லி வேண்டுமென்றால் வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

5

ஆஸ்பத்திரியில் ஒரு பையைக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சாவி. கூடவே ஒரு மரக்கட்டை. விரல் நீளம், ஒரு முனை தடிப்பு, மறு முனை மெலிவு, கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. என்னவென்று தெரியவில்லை. என் எழுத்து மேசை வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தேன், அளவாக இருந்தது. ஆட்டம் நின்றது.

ஒருநாள் ஹாரன் வந்திருந்தபோது தேநீரைக் கீழே வைக்கக் குனிந்தவர், மேசைக் காலைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"அண்ணி, அது மச்சான்."

பிடியை அமுக்கி, அதன் தலைக்கு மேலே இருக்கும் இரும்பு விளிம்பின் அடியில் இந்தக் கட்டையைச் செருகினால் பிடி எழாது. கை ஓய்வெடுக்கலாம், மூக்குச் சிந்தலாம், தோளை நீவிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். ஆனால் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். நாம் விட்டுவிட்டுப் போனாலும் நமக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மச்சான்தானே என்று அந்தப் பெயர். என் தம்பியைத் தெரிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது வேறு கதை.

என் கணவர் கடைசிச் சில மாதங்கள்வரை அதைத் தொட்டதில்லையாம். தோள் வலி கூடிய பிறகுதான் செதுக்கிக்கொண்டாராம்.

"அது நெஞ்சுலேர்ந்து வர்ற வலின்னு யாருக்கு அண்ணி தெரியும்? எங்க எல்லாருக்கும் அங்கதான் வலிக்குது."

மருத்துவருக்கும் தெரியவில்லை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம். "அதான்," என்றார்.

அறையைத் திறந்தபோது கட்டை எங்கே இருந்தது என்று ஹாரனிடம் கேட்டேன்.

"சட்டைப் பையில."

அதற்குப் பிறகு வேறு எதையெதையோ பேசினார். கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, "நான் எதையும் எடுத்து யார் பையிலயும் வைக்கல அண்ணி," என்றார்.

நான் அப்படிக் கேட்கவே இல்லை.

6

ஆகவே முடிவுகள்.

ஒன்று. அன்று அவர் கட்டையை எடுக்கவே இல்லை. கை தளர்ந்தது, பிடி எழுந்தது. நிறுத்தியது ஸ்பிரிங். எளிமையான முடிவு, கௌரவமானதும்கூட. எனக்கு இதில் உறக்கம் வரும்.

இரண்டு. கட்டை பிடியில் இருந்தது. தோளில் வழக்கமான வலி. பிறகு வழக்கமில்லாத ஒன்று. இது வேறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வண்டி நிறைய ஆட்கள். இனிமேல் தன் கைக்குப் பதிலாக ஒரு மரத்துண்டு பிடித்துக்கொண்டிருக்கும், கடைசி நிலையத்தின் தடுப்புச் சுவர்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டையை உருவினார். உருவியதைக் கீழே போடவில்லை, பையில் வைத்தார். எடுத்த பொருளை அதன் இடத்தில் வைக்காமல் இருக்க அவரால் முடியாது. அப்படியானால் நாத்தனார் சொன்னது எழுத்துப் பிசகாமல் சரி. "மாவீரன்" உட்பட. ஆனால் இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லப்போனால் கட்டையைச் சொல்ல வேண்டும். அவர் வீரர் ஆக வேண்டுமென்றால் முதலில் விதியை மீறியவர் ஆக வேண்டும். விதியை மீறாதவர் என்றால் அவர் ஒன்றும் செய்யவில்லை, சும்மா செத்துப்போனார். இரண்டு வரியில் இந்த இரண்டையும் ஏற்றப் பார்த்தேன். ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கிவிடுகிறது.

மூன்று. கட்டை பிடியில் இருந்தது. அவர் சரிந்தபோது முழங்கையோ தலையோ இடித்து அது தரையில் விழுந்தது. முதலில் உள்ளே வந்தவர் அதைப் பார்த்தார். மற்றவர்கள் வருவதற்குள் குனிந்து எடுத்து, நண்பனின் சட்டைப் பையில்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஹாரன் இன்னும் வேலையில் இருக்கிறார்.]

7

பலகை வைக்கும் இடத்தைக் காட்ட மேலாளர் அழைத்திருந்தார். புறப்படும்முன் மேசைக் காலிலிருந்து கட்டையை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், கதைக்குத் தேவைப்பட்டது என்று இப்போது சொல்ல முடியும். அப்போது கதை இல்லை.

முதலில் ஹாரன் தன் புதிய வண்டியைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். இடது கைக்கு அமுக்கும் பிடி இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு வழவழப்பான தகடு, கை அதன்மேல் பட்டிருந்தால் போதும்.

"இதுல மச்சானுக்கு வேலை இல்ல அண்ணி. உயிருள்ள கையா இருக்கணும். கட்டைய வச்சா ஒத்துக்காது."

"தோள்?"

"வலி விட்டுடுச்சு. ஆனா பழக்கதோஷம், அமுக்கிட்டேதான் ஓட்டுறேன்."

பழைய முகப்பு வாசலருகே ஒரு மேடையில் நின்றது. பின்பக்கம் அறுத்த இடத்தில் தகரம் பளபளத்தது. கண்ணாடிக் கூண்டு இன்னும் வரவில்லை. மேலாளருக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் உள்ளே ஏறி, என் கணவரின் இருக்கையில் உட்கார்ந்து, பிடியை இடது கையால் அமுக்கினேன். நினைத்ததைவிடக் கடினம். கொஞ்ச நேரத்திலேயே தோள் பேசத் தொடங்கியது. விட்டேன். டக்கென்று எழுந்தது. ஓடாத வண்டியிலும் ஸ்பிரிங் தன் வேலையை மறக்கவில்லை.

மறுபடி அமுக்கிக் கட்டையைச் செருகினேன். அச்சாகப் பொருந்தியது. கையை எடுத்தேன், பிடி எழவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

முழங்கையால் ஓர் இடி இடித்துப் பார்த்திருக்கலாம். விழுகிறதா, விழாதா என்று தெரிந்திருக்கும். மூன்றாவது முடிவு நிற்குமா என்றும் தெரிந்திருக்கும். இடிக்கவில்லை. மேலாளர் பேசி முடித்துத் திரும்பி வரும் காலடி கேட்டது.

8

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன் என்று ஒரு முடிவு. அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன் என்று இன்னொன்று. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. நாத்தனாரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. அவர் கதை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இதை எழுதிய மேசை ஆடுகிறதா, ஆடவில்லையா என்று கேட்காதீர்கள். கையெழுத்துக் கோணல் அச்சில் தெரியாது.

கூண்டு இப்போது வந்துவிட்டது. பலகையில் வண்டியின் எண்ணும் அது ஓடிய வருடங்களும் மட்டும் இருக்கின்றன; கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் கண்ணாடி வழியாக இடது பக்கம் பாருங்கள். பிடி எழுந்து நிற்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று தெரியும். தாழ்ந்திருந்தால், பக்கத்தில் நின்று பார்க்கும் வயதான ஓட்டுநர் யாராவது சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கலாம். அவர் பெயரைக் கேட்காதீர்கள்.

பார்த்துவிட்டு, உங்களுக்குத் தோன்றும் இரண்டு வரியை எழுதி அனுப்புங்கள். பிழை பார்த்துத் தருகிறேன். அது எனக்கு வரும்.