பட்டைத் தண்ணீரில் ஊறிய கை

பதினொரு மணிக்குக் கன்னியப்பனின் வலது கையை எடுக்கப் போகிறார்கள். இப்போது மணி ஒன்பது. அவருடைய புண்ணிலிருந்து வெட்டிய துண்டு, மெல்லிய சீவல்களாகச் சாயம் ஏறி, பன்னிரண்டு கண்ணாடிகளில் என் மேஜைமேல் இருந்தது. புற்று இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் கை தப்பும்.

வேலூரில் அது 1931ஆம் வருஷத்து ஆடி மாதம். ஜன்னல் வெளிச்சத்தை நம்பித்தான் என் மைக்ராஸ்கோப். மேகம் வந்தால் எனக்குக் கண் போன மாதிரிதான்.

கன்னியப்பன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டுகிறவர். வளைந்த கத்தியை இரண்டு கையாலும் பிடித்துச் செய்கிற வேலை. புறங்கையில் ஏழு மாதமாக ஆறாத புண். சர்ஜன் ராமமூர்த்தி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார், ஓரம் கல்லாக இருந்தது, தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காததே இந்த அவசரம்தான்.

அவரே வந்து லென்ஸில் எட்டிப் பார்த்தார்.

"செல்லெல்லாம் இவ்ளோ ஜாஸ்தியா பிரியுது. இன்னும் என்ன பாக்கணும் அமிர்தவள்ளி?"

"புண்ணு ஆறணும்னாலும் செல் பிரிஞ்சுதானே ஆகணும் சார்? எப்படிப் பிரியுதுன்னு பாக்கணும்."

ஒழுங்கான செல் பிரிவது, சண்டையில்லாத வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி. குரோமோசோம் என்கிற நூல்கள் முதலில் ஒவ்வொன்றும் இரண்டாகும். நடுவில் வரிசை கட்டும். பிறகு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. யாருக்கும் குறையில்லை. புற்றில் பல சமயம் அந்த நியாயம் கெட்டுப்போகும். நூல்களை மூன்று பக்கமும் பிடித்து இழுத்து, பங்கு தாறுமாறாகிவிடும்.

எட்டுக் கண்ணாடி பார்த்தேன். எல்லாம் நேர்ப் பங்கு. ஆனால் மேலே மட்டும் ஒரு பழுப்புப் படலம், சாயமே பிடிக்காமல் செத்துக் கிடந்தது. வார்டுக்கு ஓடினேன்.

"கையில என்ன போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க."

கன்னியப்பன் தலை குனிந்துகொண்டார். மனைவி கண்ணம்மாள்தான் சொன்னாள்: "தெனமும் ஆவாரம்பட்டைத் தண்ணித் தொட்டியில கைய ஊற வெச்சாரு டாக்டரம்மா."

"மாட்டுத் தோலே அதுல கெட்டியாவுது. என் தோலு ஆவாதான்னு பாத்தேன்" என்றார் அவர்.

சொந்தக் கையையே பதனிட்டிருக்கிறார் மனுஷன்! சர்ஜன் விரலுக்குத் தட்டுப்பட்ட கல் இதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கை தப்பிச்சிடும் போல" என்று சொல்லியும்விட்டேன். கண்ணம்மாள் என் காலைத் தொட வந்தாள். நான் வாயை அடக்கியிருக்க வேண்டும்.

திரும்பி வந்து இன்னும் மூன்று கண்ணாடி பார்த்தேன். அதே கதைதான். பத்தரைக்குப் 'புற்று இல்லை' என்று எழுதிச் சீட்டை மடித்தேன். சீவல் வெட்டித் தருகிற தேவசகாயம் கடைசிக் கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதும்மா. அடி ஆழத்துல வெட்டினது."

பார்க்காமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். போதாக்குறைக்கு மேகம் வேறு வந்து நின்றது. மைக்ராஸ்கோப்பைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் தேடினேன். முதல் செல் நேர். அடுத்ததும் நேர். ஓரத்தில் ஒன்றில் நூல்கள் மூன்று பக்கமாகப் பிய்ந்து கிடந்தன. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குக் கீழே மூன்றாவது.

சீட்டைக் கிழித்தேன். வேறு எழுதி தேவசகாயத்திடம் கொடுத்து சர்ஜனுக்கு அனுப்பினேன். வார்டுக்கு நானே போனேன். ஆசை காட்டினவள் நான்தானே.

"நான் சொன்னது தப்பு. அடியில இருக்குது. விட்டா மேல ஏறும், உசிருக்கே ஆபத்து."

கண்ணம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கன்னியப்பன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டைத் தண்ணியாலயா?"

"இல்ல. அதனால இல்ல."

"ஓரத்துல அழுகல் விழுந்தா அந்த எடத்த வெட்டிடணும். இல்லன்னா முழுத் தோலும் போய்டும். எத்தினியோ தோலு வெட்டியிருக்கேன்" என்றார். "எடுத்துருங்கம்மா."

ஸ்ட்ரெச்சரில் ஏறும் முன், இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.