மருமகள் வைத்த வேண்டுதல்

பொதட்டூர்பேட்டையில் ராஜகோபாலைத் தெரியாதவர் கிடையாது. எட்டு பவர்லூம் ஓடும் வீடு. மாதம் தவறாமல் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறி மொட்டை போட்டுவிடுவார்; நடுவிலும் முடி துளிர்க்க விடாமல் தினமும் தானே வழித்துக்கொள்வார். காலையில் குளித்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் வெளியே வருவார். அப்பேர்ப்பட்ட பக்திமான் வீட்டுக்கு வந்த மருமகளைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதை அந்த முருகன்தான் மன்னிக்க வேண்டும்.

மருமகள் பானுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யுவஸ்ரீ, மூக்கும் முழியுமாகத்தான் இருந்தாள். ஆனால் நெற்றிக்கு நேர் மேலே ஒரு கொத்து முடி மட்டும் வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. அதை ஒட்டி நெற்றித் தோலிலும் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை.

"வெண்குஷ்டம்! எங்க வம்சத்துலயே கிடையாது. உங்க வூட்டு சீக்க இங்க கொண்ணாந்துட்ட," என்று குதித்தார் ராஜகோபால். ஒன்பதாம் மாதம் மலையில் குழந்தைக்கு மொட்டை போட்ட கையோடு, பானு தன் தம்பி குமரேசனுடன் தாய்வீடான திருவாலங்காட்டுக்குப் பஸ் ஏறிவிட வேண்டும், குழந்தையோடு, ஒரேயடியாக. அதுதான் தீர்ப்பு. புருஷன் ஹேமநாதனோ நைனா முன்னால் வாயைத் திறந்து பழக்கமே இல்லாதவன்.

பானு அழுதாள். அழுது அழுது ஒருநாள் அவளுக்கே அலுத்துப்போனது. சும்மாவா மூன்று வருஷம் விலங்கியல் படித்தாள்? பெட்டியிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். அன்று சாயங்காலம் ஹேமநாதன் கிண்ணத்தில் டை கலக்கிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து நரை?"

"வெவரம் தெரிஞ்சதுலேர்ந்தே. இளநரைன்னு நைனாதான் டை அடிச்சு வுடுவாரு. அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து."

"தலை முழுக்கவா?"

அவன் நெற்றிக்கு மேலே ஒரே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். பானு நோட்டை அவன் முன்னால் விரித்தாள்.

"இது நரையே இல்லைங்க, பொறவியிலயே வர்றது. சீக்கும் இல்ல, யாருக்கும் ஒட்டாது. எந்தக் குணமா இருந்தாலும் நமக்குள்ள அதுக்கு ரெண்டு ஜீன் இருக்கும். அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு குடுப்பாங்க. சில ஜீனு ஒடுங்கிக் கெடக்கும், ரெண்டும் சேந்தாத்தான் தெரியும். இது ஓங்குற ஜாதி. ஒண்ணு இருந்தாலே தலையில வந்து ஒக்காந்துக்கும். சிலருக்கு முடியோட நிக்கும், சிலருக்கு நெத்தியிலயும் எறங்கும். பெத்தவங்க ரெண்டு பேருக்கும் இல்லாம புள்ளைக்கு வர்றது ரொம்ப அபூர்வம்."

"அப்போ எனக்கு யாரு குடுத்தது? அம்மாவுக்குக் கருகருன்னு முடி. போட்டோவுல பாத்தியே."

"மாமாவுக்கு?"

பெற்ற அப்பனின் முடியை ஹேமநாதன் ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை தறிக்காரர்கள், பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்த நேரம் பார்த்து பானு மாமனார் முன் கைகூப்பி நின்றாள். "மாமா, கொழந்தைக்காக முருகனுக்கு வேண்டிகினேன். நீங்களும் இவரும் நாப்பத்தெட்டு நாள் கத்தி, டை எதுவும் படாம விரதம் இருந்து, கொழந்தையோட சேந்து முடி எறக்கணும்."

ராஜகோபாலின் முகம் செத்துப்போனது. முருகனுக்கு வைத்த வேண்டுதலை அவரா மறுப்பார், அதுவும் ஊர் முன்னால்? அன்று தலையில் கட்டிய துண்டை நாற்பத்தெட்டு நாளும் அவர் அவிழ்க்கவில்லை. தூங்கும்போதுகூட.

மலைமேல் முடி இறக்கும் மண்டபத்தில் தாய்மாமன் குமரேசன் மடியில் யுவஸ்ரீ உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹேமநாதன். நுனியில் டை, அடியில் பால் வெள்ளையாக அந்தக் கொத்து. சுற்றிலும் சொந்தபந்தம்.

"பெரியவரே, துண்ட எடுங்க," என்றார் முடி இறக்குபவர்.

ராஜகோபால் அசையவில்லை. முடி இறக்குபவர் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே துண்டை உருவித் தலையில் தண்ணீரை ஊற்றினார். திருநீறு வழிந்து ஓடியது. ஐம்பது வயதிலும் கருகருவென்ற முடி. நெற்றிக்கு மேலே ஒரு கொத்து வெள்ளை. நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைத் தோல்.

"அடடே! தாத்தா, அப்பன், பொண்ணு, மூணும் ஒரே அச்சு!" என்று சிரித்துவிட்டார் முடி இறக்குபவர்.

"சின்ன வயசுல, இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்ன, என்னைத் தொட்டு வெளையாட மாட்டாங்கம்மா," என்றார் ராஜகோபால், தலை நிமிராமல். "மூணு எடத்துல பொண்ணு இல்லைன்னுட்டாங்க. அப்போ போட ஆரம்பிச்ச மொட்ட."

பானுவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் விடவில்லை. "அந்த வேதனை தெரிஞ்சிகினே இவளைத் தொரத்தப் பாத்தீங்களே மாமா. இது என் வூட்டுச் சொத்து இல்ல. உங்க சொத்து."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். யுவஸ்ரீ தாவி வந்து அந்த வெள்ளைக் கொத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "இதுதான் என் கடைசி மொட்ட," என்றார் கிழவர்.

மூன்று தலையும் மொட்டையாகி, தரிசனமும் முடிந்தது. படியிறங்கும் இடத்தில் குமரேசன், பானுவின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அக்கா, திருவாலங்காட்டு பஸ்ஸுக்கு நேரமாவுது," என்றான்.

ஹேமநாதன் அந்தப் பையை வாங்கினான். அப்பனைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து திறக்காத வாய் அன்று திறந்தது.

"நைனா, இந்தப் பைய நீங்க தூக்குங்க. நம்ம வூட்டுக்குப் போலாம்."

ராஜகோபால் மறுபேச்சு இல்லாமல் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படி இறங்கினார்.