வலது பக்கம் சாயும் படகு

ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் பாக்கி இருந்த படகில்தான் கார்னெட்டின் சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் லவெர்ன் படகுக்குள் நின்று, பெட்டி சரியாக நடுவில் உட்காருகிறதா என்று பார்த்தாள். தூக்கிய நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. துறையில் கிழவர் எசேக்கியா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். படகை விற்றவர் அவர்தான்.

"நானும் வரலாமா, பொண்ணே?"

"வாங்க மாமா. நீங்க வராமலா."

எதிரே இருந்த சின்னத் தீவில் கார்னெட்டின் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தது. முக்கால் மணி நேர ஓட்டம்.

அங்கேயும் இங்கேயும் சாமான் ஏற்றத்தான் மார்ச்சில் கார்னெட் இந்தப் பழைய படகை வாங்கினார். எசேக்கியா ஓட்டிக் காட்டியபோது கோடு போட்ட மாதிரி போனது. கார்னெட் ஓட்டியதும் வலது பக்கம் சாய்ந்தது. பின்பக்க அடியில் இரண்டு ஓரத்திலும் ட்ரிம் தகடு மாட்டினால் நிமிர்ந்துவிடும், அந்தச் செலவு விற்றவருடையது என்றார் கார்னெட். நல்ல படகுக்குத் தகடு எதற்கு என்றார் எசேக்கியா. கடைசியில், படகு விலையில் தகட்டுக்கு ஆகும் ஆயிரத்து நூற்று நாற்பதை மட்டும் கார்னெட் பிடித்து வைத்துக்கொள்வது, தகடு வேண்டாம் என்று தெளிவானால் கொடுத்துவிடுவது என்று கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஏழு மாதம் அதே பேச்சு. பேட்டரியை இடது பக்கம் மாற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் டிரம்மை நகர்த்திப் பார்த்தார்கள். மாதம் போகப் போகச் சாய்வு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் துறையில் எல்லார் முன்னாலும் எசேக்கியா சொன்னார்: "ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கு. அதுக்குப் பின்னால நீ இருக்க. படகு என்னடா பண்ணும்? தகட்ட உன் வயித்துல மாட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். கார்னெட்டும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அவர் பூட்ஸை லவெர்ன்தான் கழற்றிவிடுவாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. தலைநகர் நசாவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. கோளாறு படகுலதான்" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, தகட்டுக்கு அளவெடுக்கப் படகின் பின்பக்கம் குனிந்தவர் நிமிரவில்லை. கையில் டேப் இருந்தது.

பெட்டி தூக்கிய நாலு பேரும் பக்கத்துக்கு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். எசேக்கியா பின்னால், பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். லவெர்ன் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். காற்றில்லை. வேகம் கூட்டியதும் படகின் மூக்கு உயர்ந்து, தணிந்து, தண்ணீர்மேல் நிமிர்ந்து ஓடியது. பெட்டிமேல் வைத்த பூவளையம் எந்தப் பக்கமும் நகரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பூவளையத்தை எசேக்கியாவும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். ஏழு மாதம் அப்பாவோடு சேர்ந்து அவளும் பேட்டரியையும் டிரம்மையும் நகர்த்தியிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனபின் தொடங்கினாள். "மாமா, அந்தப் பாக்கி..." பிடித்து வைத்த பணம் பெட்டிக்கே போய்விட்டது என்றும், கிறிஸ்துமஸுக்குள் பாதியாவது கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள்.

எசேக்கியா எழுந்து, பெட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து, வலது பக்கம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். இடது பக்கம் இருந்த இருவரையும் பார்த்துத் தலையை அசைத்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் எழுந்து வந்தார்கள்.

படகு வலது பக்கம் சாய்ந்தது. ஏழு மாதமும் சாய்ந்த அதே சாய்வு.

எசேக்கியா பெட்டியின் பக்கம் குனிந்தார்.

"நீ சொன்னதுதாண்டா சரி. இதுக்குத் தகடு வேணும்."

அப்பா பிடிப்பதுபோல லவெர்ன் ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் ஒடித்துப் பிடித்துக்கொண்டாள். பூவளையம் மெல்ல நகர்ந்து வந்து அவள் இடுப்பில் முட்டி நின்றது. தீவு வரும்வரை அவள் அதை எடுத்து நடுவில் வைக்கவில்லை.