சாதனையாளர் நாற்காலி

போன வருடம் ட்ரிபிள் ஜம்ப்பில் முதலாவதாக வந்ததுதான் வேணி செய்த பெரிய தப்பு. சும்மா நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து தொலைத்திருந்தால் இந்த வெள்ளிக்கிழமை அவள் பாட்டுக்குப் பாளையங்கோட்டை மைதானத்துக்குப் போயிருப்பாள். ஜெயித்துவிட்டாள். அதனால் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, கல்லூரிக் கலையரங்க மேடையில் 'இளம் சாதனையாளர்' என்று அட்டை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

விழாவின் பெயர் 'இளைஞனே எழுந்து வா'. சேரன்மகாதேவி சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னால் அதற்கும் ஒரு ஃபிளெக்ஸ் வைத்துவிடுவார்கள். வருடத்தில் பதினொரு மாதம் பிள்ளைகளை உட்காரு, பேசாதே, வரிசையில் போ என்று வளர்ப்பார்கள். பன்னிரண்டாவது மாதம் வெளியூரிலிருந்து ஒருவரைக் கார் வைத்து அழைத்து வந்து எழுந்திரு, பேசு, தலைமை தாங்கு என்று சொல்ல வைப்பார்கள். ஆய்வுக்குழு வரும்போது ஃபைலில் காட்ட, தேதியும் இடமும் பதிந்த போட்டோ வேண்டுமாம். நிறைந்த அரங்கம் தெரிய வேண்டுமாம். அதற்காக வாசல் கதவை வெளிப்பக்கம் பூட்டி, சாவியை அலுவலக உதவியாளர் பெருமாள்ராஜிடம் கொடுத்திருந்தார்கள். எழுந்து வரச் சொன்ன இளைஞன் நிஜமாகவே எழுந்து போய்விட்டால் என்ன செய்வது?

இத்தனை ஏற்பாடும் செய்தவர் பொருளாதாரப் பேராசிரியர் முத்துசுப்பிரமணியன். இளைஞர் ஆளுமை மேம்பாட்டு மையம் என்று ஒன்றுக்கு அவர் ஒருங்கிணைப்பாளர். மையம் என்பது ஒரு இரும்பு பீரோ. அதற்குள் சால்வைகள் இருந்தன.

மூன்று நாளைக்கு முன்னால் வேணியும் உடற்கல்வி இயக்குநர் மைதீன் பாத்திமாவும் அவரிடம்தான் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மாணவர்கள் வெளியே போகும் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்து விழ வேண்டும் என்பது முதல்வரின் உத்தரவு. கையெழுத்தில்லாத படிவத்தோடு போனால் மைதானத்தில் பெயரைக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

"பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்குதாவ சார். இதுல வந்தாத்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போக முடியும். வெள்ளிக்கிழமை ரெண்டரைக்கு" என்றாள் வேணி.

"வெள்ளிக்கிழமையா? அன்னைக்குத்தானம்மா உன்னப் பாராட்டுதோம்!"

"எதுக்கு சார்?"

"இந்த மாதிரிப் போட்டிக்கெல்லாம் தவறாம போயி ஜெயிச்சதுக்கு."

வேணி மேடத்தைப் பார்த்தாள். மேடம் மின்விசிறியைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு விழா. பதினொன்றரைக்கு முடிஞ்சிரும். அப்புறம் நீ குதி, பற, யாரு கேக்கா? முதல்ல சால்வை, அதுக்குப் பெறகு கையெழுத்து" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் வாசலைத் தாண்டும்போது ஆசை ஆசையாக இன்னொன்றும் சொன்னார். "இதுல மட்டும் நீ ஜெயிச்சேன்னு வையி, இருபத்தொன்னாந்தேதி நம்ம கல்லூரிப் பொன்விழா. மேடையில உனக்குன்னு தனி நாற்காலி. அமைச்சர் கையால கேடயம்!"

கேடயத்துக்குக் குறைச்சல் இல்லை. குறைச்சல் மணலுக்குத்தான். கல்லூரி மைதானத்தில் தாண்டுவதற்கு ஒரு மணல்குழி இருந்தது. பொன்விழா வளைவு கட்டுவதற்கு அந்த மணலை அள்ளிவிட்டார்கள். ஆறு மாதமாக வேணி விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டை போய்ப் பழகிவிட்டு, ஈரத்தலையும் இட்லிப் பொட்டலமுமாக முதல் வகுப்புக்கு ஓடி வருவாள். தாமதமாக வந்ததற்கு அபராதமும் கட்டியிருக்கிறாள். வளைவில் 'சாதனைகளின் நுழைவாயில்' என்று எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அறுநூறு பேர் உட்கார்ந்தாயிற்று. சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் பெயர் சாய்கிருஷ்ணன். ஃபிளெக்ஸில் 'வாழ்க்கைச் சிற்பி' சாய்கிருஷ்ணன். முத்துசுப்பிரமணியன் போனும் கையுமாக மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"சார் பாபநாசத்துல குளிச்சிட்டு இருக்காவ" என்றார் பத்தே முக்காலுக்கு.

"கோயில்ல இருக்காவ" என்றார் பதினொன்றரைக்கு.

"சாப்பிட உக்காந்துட்டாவ" என்றார் பன்னிரண்டு மணிக்கு. அரங்கத்தில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

வேணி சேலைக்குள் ட்ராக் பேண்ட் போட்டிருந்தாள். நாற்காலிக்கு அடியில் பை இருந்தது. பைக்குள் ஆணி ஷூவும் மடித்து வைத்த படிவமும். ஒவ்வொரு நிமிடமும் தாண்டும் தூரத்தில் ஒரு அங்குலம் குறைந்துகொண்டே வருவதுபோல அவளுக்கு இருந்தது. அழலாம் என்று பார்த்தால் எதிரே போட்டோகிராபர்.

ஒன்று பத்துக்கு வாழ்க்கைச் சிற்பி வந்தார். முகம் குளிர்ச்சியாக இருந்தது. தாமிரபரணித் தண்ணீர் யாரையும் வஞ்சிப்பதில்லை. வரவேற்புரை, அறிமுக உரை, விருந்தினருக்கு ஆளுயர மாலை எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடித்தபோது ஒன்றரை. தலைப்பு: நேரம் என்னும் செல்வம்.

"ஒரு நிமிடம் தாமதித்தால் என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டார். அறுநூறு பேருக்கும் தெரிந்திருந்தது. மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்துபோகும்.

அவர் பேசினார். மலை ஏறியவனைப் பற்றிப் பேசினார், கடையில் தட்டு கழுவிப் பெரிய முதலாளி ஆனவனைப் பற்றிப் பேசினார். தட்டு கழுவிக்கொண்டே இருக்கிறவனைப் பற்றிப் பேசவில்லை. ஒன்று ஐம்பதுக்கு மேடையின் விளிம்புக்கு வந்து கையை உயர்த்தினார். குரல் நடுங்கியது; அந்த இடத்தில் எப்போதும் நடுங்குமாம்.

"உங்களில் எத்தனை பேருக்குக் கனவு இருக்கிறது? இருந்தால் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்? யாரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறீர்கள்? இந்த நிமிடம், இந்த நொடி, எழுந்து நடக்கும் துணிச்சல் ஒருவருக்காவது இருக்கிறதா?"

வேணி எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேடைப் படியில் இறங்கி நடுப்பாதையில் நடந்தாள்.

சாய்கிருஷ்ணன் இருநூறு ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒருவர்கூட எழுந்ததில்லை. சட்டென்று சுதாரித்து, "கைதட்டுங்கள்!" என்று கத்தினார். அறுநூறு பேரும் பசி, தூக்கம், எரிச்சல் எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பெருமாள்ராஜ் விழா முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் மைதீன் பாத்திமா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றார். காலை பத்தரையிலிருந்து அங்கேதான் நின்றார். வேணி வராந்தாவைக் கடப்பதற்குள் பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம். முத்துசுப்பிரமணியன், ஒரு கையில் சால்வை, ஒரு கையில் போன்.

"ஏம்மா, நில்லும்மா! சால்வை போர்த்தலியே! ஒரு போட்டோ எடுக்காண்டாமா? நோட்டீஸ்ல போட்டுட்டோம், ஃபைல்ல என்னத்த வைக்க?"

வேணி நின்றாள். அதுவரை அவளுக்குத் தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது. அவளுக்கு அவர் கையெழுத்து எவ்வளவு வேண்டுமோ, அதைவிட அதிகமாக அவருக்கு அவள் முகம் வேண்டும். மூன்று நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவள் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"மொதல்ல கையெழுத்து சார். அப்புறம் நிக்குதேன்."

"இது என்னம்மா, பேரம் பேசுத?"

"தலைமைப் பண்பு சார். உள்ள இப்பத்தான் சொல்லுதாவ."

அவர் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் சால்வையை வாங்கிக்கொண்டு சிரித்தாள். ஆனால் போனில் இடம் பதியவில்லை. "பைய நில்லு, நெட்டு சுத்துது... அந்தத் தூண் பக்கமா வா... இந்தா வருது..." என்று நாலு நிமிடம் தின்றார். கடைசியில் ஸ்கூட்டர் ஹாரனைப் பொறுக்கமாட்டாமல் வேணி ஓடியே போனாள். போட்டோவில் பாதி முகமும் முழுச் சால்வையும் விழுந்தன.

"ஏளா, முந்தானையச் செருகிக்க. சக்கரத்துல மாட்டிரும்" என்றார் மேடம். அவ்வளவுதான் பேசினார். பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்ணார்பேட்டையில் நெரிசல். வேணி பின்னால் உட்கார்ந்து பூவைப் பிடுங்கிப் பிடுங்கி ரோட்டில் எறிந்துகொண்டே வந்தாள்.

மைதானத்தில் அவள் பெயரை மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இருக்கேன்! இங்கன இருக்கேன்!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். பட்டுச்சேலையில் ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்துப் பெயர் வாசித்தவர் கல்யாண மண்டபம் அடுத்த தெரு என்று கை காட்டினார். கம்பி வேலி ஓரத்தில் மேடம் சால்வையை மறைப்பாகப் பிடிக்க, உள்ளே ட்ராக் பேண்ட்டோடு தயாராக இருந்தவள் இரண்டு நிமிடத்தில் விளையாட்டுக்காரி ஆனாள். அந்தச் சால்வை உருப்படியாக ஒரு காரியத்துக்கு ஆனது அப்போதுதான்.

முதல் தாண்டலில் கோட்டை மிதித்துவிட்டாள். இரண்டாவது சுமார். மூன்றாவது ஓட்டத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அத்தனை மணி நேரமும் காலில் ஏறியது. பதினொன்று தொண்ணூற்றாறு மீட்டர். போன வருடம் பதினொன்று நாற்பத்திரண்டு. அணிக்கு முதல் பெயர் அவளுடையது.

மைதீன் பாத்திமா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். "முகாம் பதினெட்டாந்தேதி. இருபத்தொன்னு காலையில அகில இந்தியப் போட்டிக்கு ரயிலு. இரு, சாருக்குச் சொல்லிருதேன். சந்தோசப்படுவாரு."

வேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தொன்னுதான மேடம் பொன்விழா?"

மேடத்தின் விரல் அப்படியே நின்றது. தனி நாற்காலி இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"தோத்துட்டேன்னு சொல்லுங்க மேடம்."

சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு தூரம் தாண்டியிருக்கிறாள், அதைக் கத்திச் சொல்லக் கூடாது. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, மணல் ஒட்டிய காலைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள்.

திங்கட்கிழமை இருவரும் அடுத்த படிவத்தோடு பீரோ அறைக்குப் போனார்கள். வாழ்க்கைச் சிற்பி அதற்குள் வீடியோ போட்டிருந்தார்: 'என் பேச்சைக் கேட்ட நொடியில் எழுந்த வீர மாணவி'. நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். முத்துசுப்பிரமணியன் அவளைத் துக்க வீட்டுக்கு வந்தவர்போலப் பார்த்தார்.

"கேள்விப்பட்டேம்மா. அன்னைக்குப் பேச்ச முழுசாக் கேட்டிருக்கணும். தோல்விய எப்படித் தாங்கிக்கிடணும்னு கடைசி அரைமணி நேரம் அதத்தான் பேசுனாரு. நீதான் பாதியில போயிட்ட."

"ஆமா சார்."

"இது என்ன, முகாமா? தோத்த பிள்ளைக்கு எதுக்கு முகாமு?"

"கூடமாட ஒத்தாசைக்கு சார்" என்றார் மைதீன் பாத்திமா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"தண்ணி பாட்டில் தூக்கவா? சரி, போயிட்டு வரட்டும். இங்கன இருந்தும் ஒண்ணும் மேடையேறப் போறதில்ல" என்று வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். பிறகு மனசு கேட்காமல் அவளைத் தேற்றினார். "கவலப்படாதம்மா. அடுத்த தடவ ஜெயிச்சு மட்டும் காட்டு. அன்னைக்கே புடிச்சு மேடையில உக்கார வச்சிருவோம்."

"தெரியும் சார்" என்றாள் வேணி. மை காய்வதற்குள் படிவத்தை எடுத்துக்கொண்டாள்.