மில்கேயா மகனின் இடது கை

சான் பெத்ரோ சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் லீலோ ஃபிரியாஸை யாராவது மோட்டார் சைக்கிள்காரன் என்று கூப்பிட்டால் அவனுக்குப் பொத்துக்கொண்டு வரும். சவாரி ஏற்றுவது வயிற்றுக்கு; தொழில் வேறு. அவன் புஸ்கோன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களைக் கண்டுபிடித்து, முட்டையும் வாழைக்காய் மசியலும் போட்டு வளர்த்து, பேஸ்பால் எறியப் பழக்கி, பதினாறு நிறைகிற சமயத்தில் அமெரிக்க க்ளப்புகளின் ஆட்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறவன். க்ளப் கையெழுத்துப் போட்டால் அவனுக்கும் பங்கு உண்டு. ஒன்பது வருஷமாக நிறுத்திக்கொண்டிருக்கிறான். ஒரு க்ளப்பும் பேனாவைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சலூன்காரி நெரெய்தாவைக் கேட்டால், லீலோவின் முகராசி என்பாள். லீலோ சொல்லும் காரணம் ஒன்றுதான்: அவனுக்கு அமைந்த பையன்கள் எல்லாம் வலது கைக்காரர்கள். சான் பெத்ரோவில் வலது கையால் வேகமாக எறிகிறவனைத் தேட வேண்டியதில்லை. தடுக்கி விழுந்தால் ஒருவன் மேல்தான் விழ வேண்டும். இடது கைதான் அரிது. இடது கைக்காரன் மணிக்கு நாலு மைல் குறைவான வேகத்தில் எறிந்தாலும் க்ளப்காரர்கள் இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மில்கேயாவின் மகன் ரைதெல் அவன் கண்ணில் பட்டதும் மனுஷன் அன்றைக்குச் சவாரியை இறக்கிவிட மறந்து, அந்த அம்மாளைப் பின்னால் வைத்துக்கொண்டே மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான் என்று கேள்வி. ஒல்லிப் பையன், நீளக் கை, நல்ல இடது கை. மில்கேயா பஸ் நிற்கும் இடத்தில் எண்ணெய்ச் சட்டி வைத்து யானிகேகே என்கிற மொறுமொறு மாவு ரொட்டி பொரித்து விற்பவள். புருஷன் இல்லை; இருந்தபோதும் இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். லீலோ பேச வந்த அன்று அவள் மாவைத் தட்டிக்கொண்டே, "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா? நான் எப்பவோ தயாரா வச்சிருக்கேன்" என்றாளாம். அது லீலோவுக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் நாலு முட்டை லீலோ வீட்டிலிருந்து ரைதெல் வீட்டுக்குப் போகும். லீலோவின் மனைவி இதைப் பற்றி நெரெய்தாவின் சலூனில் தலையில் ரோலருடன் உட்கார்ந்து பேசியதை எழுதினால் இந்தக் கதை முடியாது. பையன் கடலோரம் ஓடினான், ரப்பர் பட்டை இழுத்தான், தினம் கணக்குப் பிசகாமல் எறிந்தான். வேகம் எழுபதிலிருந்து எண்பதுக்கு வந்தது, எண்பத்துநாலுக்கு வந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷமாக அதே எண்பத்துநாலு. ஆனால் சொன்ன இடத்தில் பந்து விழும். எதிரே பந்தைப் பிடிக்கிற கேட்சர் கையுறையை நகர்த்தவே வேண்டாம்.

அடுத்த மாதம் ரைதெலுக்குப் பதினாறு. சனிக்கிழமை பார்க்க வருகிறேன் என்று அரிஸ்மெந்தி என்கிற க்ளப் ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். புதன்கிழமை காலை லீலோ முட்டையோடு போனபோது ரைதெல் கொல்லையில் மாமரத்தடியில் நின்றான். உச்சிக் கிளையில் ஒரு பழுத்த மாம்பழம். பையன் குனிந்தான், கல்லை எடுத்தான், எறிந்தான். காம்பு அறுந்து பழம் கீழே வந்தது.

லீலோவின் கையில் இருந்த முட்டைகளில் ஒன்று உடைந்தது. பையன் எறிந்தது வலது கையால்.

"டேய், என்னடா பண்ணே இப்ப?"

"மாங்கா அடிச்சேன்."

"எந்தக் கையால?"

ரைதெல் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். யாருடைய கைகளோ போல. "தெரியலையே. பசிச்சுது, அடிச்சேன்."

லீலோ நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போனான். மில்கேயாவுக்கு வெட்கமோ பயமோ ஒன்றும் வரவில்லை. எட்டு மாசக் குழந்தையாக இருந்தபோதே ரைதெலின் வலது கையில் காலுறையை மாட்டி, கழற்ற முடியாதபடி மணிக்கட்டில் நூல் போட்டுத் தைத்துவிட்டதாகச் சொன்னாள். மூன்று வயதுவரை. அதற்குப் பிறகு கரண்டியை வலது கையில் எடுத்தால் விரலில் ஒரு தட்டு.

"நான் மட்டுமா செஞ்சேன்? இந்தத் தெருவுல நாலு பேரு செஞ்சாளுங்க. எங்க மாமா பையன் க்ளப்காரங்க அகாடமியில சமையல் பண்ணான், அவன்தான் சொன்னான், இடது கைக்காரனுக்கு நாப்பது வயசு வரைக்கும் வேலை இருக்குன்னு. மத்த புள்ளைங்க காலுறையைக் கடிச்சே அவுத்துப்புட்டுதுங்க. எம்புள்ள கடிக்கல. சமத்து."

"தோஞா மில்கேயா, அவன் வலது கைக்காரன்" என்றான் லீலோ, மரியாதை குறையாமல்.

"இருந்தான். அதுக்கென்ன? நான் சரி பண்ணிட்டேன்."

"அந்தக் கை எவ்வளவு எறியும்னு யாருக்காவது தெரியுமா?"

"சட்டி காயுது, வழி விடு" என்றாள் மில்கேயா.

நெரெய்தாவின் சலூன் ஜன்னல் அந்த எண்ணெய்ச் சட்டிக்கு நேர் எதிரே. மின்சாரம் போனதால் அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது என்று நெரெய்தா பிறகு விளக்கம் சொன்னாள். மின்சாரம் இருக்கிற நாளிலும் அது திறந்துதான் இருக்கும். மதியத்துக்குள் தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. தோமினோ ஆடும் மேஜையில் வலது கட்சிக்கும் இடது கட்சிக்கும் கைகலப்பு வரைக்கும் போனது. அந்தக் கைகலப்பில் யார் எந்தக் கையை ஓங்கினார்கள் என்பதையும் கவனித்தார்கள். பெற்ற தாய் செய்யலாமா என்று ஒரு சாரார். ஜிம்முக்கு அனுப்பினால் தப்பில்லை, காலுறை போட்டால் தப்பா என்று இன்னொரு சாரார். பையனை யாரும் கேட்கவில்லை. பையனைக் கேட்கும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

வியாழக்கிழமை விடியலில் லீலோ, தெருவுக்குத் தெரியாமல் ரைதெலை மைதானத்துக்குக் கூட்டிப் போனான். தெரிந்தவனிடம் கேட்டு வேகம் பார்க்கும் துப்பாக்கியை வாங்கி வந்திருந்தான். "வலதுல எறி" என்றான். முதல் பந்து வேலிக்கு மேலே போனது. இரண்டாவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. நாலாவது பந்து எப்படியோ நேராகப் போனபோது துப்பாக்கியில் எண்பத்தெட்டு என்று வந்தது.

லீலோ அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பழக்காத கை. ஒரு முட்டைகூடச் செலவாகாத கை. இதை மூன்று வருஷம் பழக்கியிருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று ஒரு புஸ்கோனுக்குத் தோன்றாமல் இருக்குமா? சனிக்கிழமை வாயைத் திறக்காமல் இருந்தால் இடது கைக்கு ஒரு கையெழுத்து கிடைக்கலாம், ஒன்பது வருஷத்தில் முதல் கையெழுத்து. ஆனால் அந்த வலது கை அப்படியே செத்துப்போகும். திறந்தாலோ, எறிகிறவனுக்கு எந்தக் கை என்றே தெரியாமல் மூன்று வருஷம் வளர்த்தவன் நீயா என்று அரிஸ்மெந்தி எழுந்து போய்விடலாம். அப்புறம் எந்த க்ளப்காரனும் லீலோ கூப்பிட்டால் வரமாட்டான்.

"உனக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டான்.

"தோள் வலிக்குது" என்றான் ரைதெல். லீலோ கேட்டது அதை அல்ல. ஆனாலும் துப்பாக்கியைப் பைக்குள் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சனிக்கிழமை மைதானத்தில் வேலியோரம் தெருவே நின்றது. நெரெய்தா சலூனைப் பூட்டிவிட்டு, பாதி நறுக்கிய தலையோடு இருந்த வாடிக்கைக்காரியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மில்கேயா மட்டும் வரவில்லை. சனிக்கிழமை வியாபாரம் என்றாள். சனிக்கிழமை மத்தியானம் அவளிடம் யாரும் ஒன்றும் வாங்குவதில்லை.

அரிஸ்மெந்தி தொப்பை வைத்த, அவசரமே இல்லாத மனுஷர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் தூக்கினார். ரைதெல் இடது கையால் எறிந்தான். எண்பத்துநாலு. எண்பத்துமூணு. எண்பத்துநாலு. உள் மூலை, வெளி மூலை, முழங்கால் உயரம். பிறகு அதே கை வீச்சில் மெதுவாக வந்து கடைசியில் குழிக்குள் விழுவதுபோல் விழும் பந்து. அரிஸ்மெந்தி நோட்டில் எழுதினார். எழுதினதைப் படிக்க நெரெய்தா வேலி மேல் ஏறினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அரிஸ்மெந்தி. "ஆனா ஏதோ ஒண்ணு இடிக்குது. தோளு முன்னாடி வருது, இடுப்பு பின்னாடி வருது. பொறந்ததுலேருந்தே இடது கைதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. லீலோ அந்த வார்த்தையை நாக்கு வரைக்கும் கொண்டுவந்தான், எல்லோரும் பார்த்தோம்.

"இல்ல, தோன் அரிஸ்மெந்தி" என்றான். "அவங்கம்மா மாத்தினது. எனக்கே புதன்கிழமை அவன் மாங்கா அடிச்சப்பதான் தெரியும்."

"புதன்கிழமையா? மூணு வருஷமா பக்கத்துலயே நின்னு என்ன பார்த்துக்கிட்டிருந்தே?"

"இடது கையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

வேலியில் ஒருவன் சிரித்தான். அரிஸ்மெந்தி சிரிக்கவில்லை. எழுந்து போகவுமில்லை. இன்னொரு கைக்கு ஒரு கையுறை கேட்டு வாங்கிப் பையனிடம் எறிந்தார். "காட்டு."

மூன்று பந்துகள் கேட்சரைத் தாண்டிப் போயின. கூட்டம் நாலடி பின்வாங்கியது. ஐந்தாவது பந்து கையுறையில் விழுந்த சத்தம் ஆலைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அரிஸ்மெந்தி துப்பாக்கியைத் தன் மார்போடு சாய்த்து, லீலோவுக்கும் ரைதெலுக்கும் மட்டும் காட்டினார். தொண்ணூறு.

"லீலோ, இங்க கேளு" என்றார். "வலதுல தொண்ணூறு எறியறவன் எங்க அகாடமியில பதினாலு பேரு சாப்பிட்டுக்கிட்டிருக்கான். பந்து எங்க போகுதுன்னு தெரிஞ்ச இடது கைக்காரன் ஒருத்தன்தான், அவனுக்கும் முழங்கை ஆபரேஷன். என் கணக்கு இது. ஆனா கை என்னோடது இல்ல." பையன் பக்கம் திரும்பினார். "மகனே, நீ சொல்லு. எந்தக் கை?"

ரைதெல் வேலியைப் பார்த்தான், லீலோவைப் பார்த்தான். பதில் வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பவன்போல நின்றான். வலது கட்சிக்காரன் ஒருவன் வாயைத் திறந்தபோது நெரெய்தா அவன் விலாவில் இடித்தாள்.

"வலதுல எறிஞ்சா நல்லாத்தான் இருக்கு" என்றான் கடைசியில். "சும்மா போகுது. நான் ஒண்ணுமே நினைக்கறதில்ல. இடதுல ஒவ்வொரு பந்துக்கும் நினைக்கணும். அடிக்க வர்றவன் என்ன நினைக்கறான்னும் சேர்த்து நினைக்கணும். எனக்கு அதான் புடிச்சிருக்கு."

"கஷ்டமா இருக்குமே?"

"ஆமா."

அரிஸ்மெந்தி நோட்டை மூடினார். கையெழுத்து இல்லை. அகாடமியில் ஒரு மாசம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார், இடது கைக்காரனாக. பயிற்சிக்காரர்கள் இடுப்பைச் சரி பண்ண முடிந்தால் அப்புறம் பேச்சு. முடியாவிட்டால் பஸ் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "அடுத்த தடவை யாரையாவது காட்டினா, முதல்ல அவனை மாங்கா அடிக்கச் சொல்லிட்டுக் கூப்பிடு" என்று லீலோவின் தோளில் தட்டினார். அடுத்த தடவையும் வருவார் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள லீலோவுக்கு அரை நிமிஷம் ஆனது.

மோட்டார் சைக்கிளில் ரைதெலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லீலோ பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். மில்கேயாவின் சட்டியில் எண்ணெய் இருந்தது, கீழே அடுப்பு எரியவில்லை. ஒரு மாசம் அகாடமி என்றதும் அவள் கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"இடதுக்குத்தானே?"

"இடதுக்குத்தான்."

"அந்தக் கையாலயும் எறியச் சொன்னாராமே. நெரெய்தா ஓடி வந்து சொன்னா." தெரு பார்த்தது எல்லாம் அவள் காதுக்கு வந்திருந்தது, துப்பாக்கியில் வந்த எண்ணைத் தவிர. அவள் மகனைப் பார்க்காமல் லீலோவைப் பார்த்தாள். "எவ்வளவு வந்துது?"

லீலோ வண்டியின் சாவியைத் திருப்பினான், அணைத்தான், மறுபடி திருப்பினான். "அது என்ன பெரிசா... எண்பத்துமூணு."

மில்கேயாவின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. நம்பினாளா, நம்ப விரும்பினாளா என்று நெரெய்தாவாலேயே ஜன்னலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த ரைதெல் இறங்கி, தட்டில் ஆறிப்போயிருந்த யானிகேகே ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"எண்பத்தொண்ணு, மம்மி" என்றான். "இவருக்கு எப்பவும் ரெண்டு கூட்டிச் சொல்லணும்."